417 எண் கிராங்க் ஷாஃப்ட்

சஃப்னா குளச்சலில் எஞ்சின் பட்டறை நடத்துகிறாள். போன வாரம் தம்பி நிஹாலின் படகுக்கு வாங்கிய புது கிராங்க் ஷாஃப்ட்டை, அதாவது எஞ்சினை ஓடவைக்கும் சுழல்தண்டை, அதிராமல் சுழலும்படி பேலன்ஸ் செய்து, 417 என்று எண் அடித்து, அவளே பொருத்திக் கொடுத்தாள். இன்று விடியற்காலையில் அவன் கடலுக்குப் போனான்.

மதியம் ஒரு மீனவர், வலையில் சிக்கியதாகச் சொல்லி ஒரு ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தார். துருவும் சிப்பியும் அதை மூடியிருந்தன. சுரண்டிப் பார்த்தாள். 417. பேலன்ஸுக்காக அவள் போட்ட துளைகளும் அதே இடங்களில் இருந்தன.

நிஹாலைப் போனில் அழைத்தாள்.

"எஞ்சின் எப்படி ஓடுது மக்கா?"

"நல்லா ஓடுதுக்கா. ஒரு ஆட்டமும் இல்ல."

"உடனே கரைக்கு வந்துரு."

ஒரு மணி நேரத்தில் படகு வந்து நின்றது. நிஹால் சிரித்தபடி இறங்கினான். சஃப்னா படகில் ஏறி, இன்னும் சூடு ஆறாத எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றினாள். ஷாஃப்ட் இல்லை. உள்ளே கடல் மணல் நிறைந்திருந்தது.