பச்சை மாறாத அடிக்கட்டை

காட்டு முகாம் ஓரத்தில் மரத்தை வெட்டி மூன்று வருடமாகியும் அந்த அடிக்கட்டை காயவில்லை. இலை ஒன்றுகூடக் கிடையாது. பட்டையைக் கீறினால் மட்டும் பச்சை. கோடையில் முகாமின் தண்ணீர்த் தொட்டி வற்ற வற்ற, ரேஞ்சர் ஆல்பர்ட்டுக்கு வாட்சர் கேத்தன்மேல் சந்தேகம் முற்றியது.

"குடிக்கிற தண்ணியைத் திருடி இதுக்கு ஊத்துறது நீதானே? வேலை போயிரும், சொல்லிட்டேன்."

"நான் ஊத்தலீங்க சார்."

ஆல்பர்ட் நம்பாமல் கட்டையைச் சுற்றித் தோண்டவைத்தார். அதன் வேர்களிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழைகள், பக்கத்திலிருந்த ஏழு மரங்களின் வேர்களுக்கும் ஓடின.

"ஓஹோ, கள்ளத்தனமா ஊட்டுறது இதுங்கதானா?"

இழைகளை ஒன்றுவிடாமல் அறுக்கச் சொன்னார்.

மாதம் திரும்புவதற்குள் ஏழு மரங்களும் இலை கருகி நின்றன. ஆல்பர்ட் குனிந்து கட்டையைக் கீறிப் பார்த்தார். பச்சை.

"இப்ப இதுங்களுக்கு யாரு சார் தண்ணி ஊத்துறது?" என்று கருகிய மரங்களைக் காட்டிக் கேட்டார் கேத்தன்.