பனி தாங்கிய கிழங்கு

காலங்காத்தாலே யாத்விகா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வேலியோரம் நிற்பதைக் கண்டதும் கோர்னெல் பூவாளியைக் கீழே வைத்தார்.

போலந்தின் லுப்லின் நகரத்துத் தோட்டக் காலனியில் இருவருக்கும் அடுத்தடுத்த துண்டு நிலம். அவர் மனைவியைப் பறிகொடுத்தவர். அவள் கணவனைத் துரத்திவிட்டவள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவள் அவருடைய செல்லக் கிழங்கைக் காட்டிச் சிரித்தாள்.

"அந்தப் பொணநாத்தம் புடிச்சது ஒரு பனிக்காலம் வெளியில கெடந்து பொழைக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அது சேனைக்கிழங்குக்குப் பங்காளி. பூத்தால் செத்த எலி தோற்றுப்போகும். உறைபனியில் அதை மண்ணிலேயே விட்டுவைப்பவனை ஊர் கிறுக்கன் என்றுதான் சொல்லும்.

கோர்னெல் விடவில்லை. முழங்கை ஆழத்தில் புதைத்தார். மேலே சருகு, ஈரம் இறங்காமலிருக்க அதன்மேல் கவிழ்த்த பழைய குளியல் தொட்டி. குளிரைவிட ஈரம்தான் எமன் என்று தோட்டச் சங்கத்தில் மேசையைத் தட்டிப் பேசினார். கிழங்கு காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தோண்டினால் அழுகிய கூழ்தான் வந்தது. அழுதுகொண்டே அள்ளிக் கொட்டிவிட்டு, அடுத்த பனிக்காலத்துக்கு வேறு கிழங்கு வாங்கிப் புதைத்தார்.

இந்த ஏப்ரலில் தொட்டியை மட்டும் எடுத்தார். தோண்டத் துணியவில்லை. அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. இன்னும் எத்தனை பனிக்காலம் காத்திருப்பது?

இப்போது ஜூன்.

"சீக்கிரம் வாங்க," யாத்விகா கத்தினாள். "உங்க பொணம் முளைச்சிருக்கு!"

ஓடினார். மண்ணில் மண்டியிட்டார்.

முளைத்துத்தான் இருந்தது. பச்சை இலை ஒன்று யானைக் காதாக விரிந்து, பனித்துளியை உருட்டி விளையாடியது.

அவருடைய கிழங்கு இலையோடு வராது. இளஞ்சிவப்பு முனையோடு குச்சியாகக் கிளம்பும்.

இது சேப்பங்கிழங்கு. சந்தைக்குப் பின்னால் வியட்நாம்காரர் கடையில் சமையலுக்குக் கூடையில் குவித்து வைத்திருக்கும் சாதாரணச் சேப்பங்கிழங்கு.

மே மாதம் தங்கை வீட்டுக்குப் போனபோது தோட்டச் சாவியை யாத்விகாவிடம்தான் கொடுத்திருந்தார்.

செடியின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் சங்கத்தில் சண்டைக்கு நிற்பவர் கோர்னெல். நிமிர்ந்து பார்த்தார். ஊரில் யாருக்கும் அஞ்சாத யாத்விகா, உதட்டைக் கடித்துக் கடித்துச் சாயத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தாள்.

"அதுதானே?"

"அதேதான்," என்றார். "குளிரைத் தாங்கிடுச்சு."

யாத்விகா மூச்சை விட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மரியாதையைத் தூக்கி எறிந்தாள்.

"முட்டி போட்டுத்தானே இருக்க? அப்படியே கேட்டுத் தொலை."