சோமசேகரத்தாரின் டிஸ்க் பிளேயர்

ஒரு நாகரிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு சில வேளைகளில் தனியொரு மனிதரின் தோளில் விழுந்துவிடுகிறது. 1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அது, ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் சோமசேகரத்தாரின் சைக்கிள் கரியரில், பழைய ரியூப்பால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

புத்தூரிலிருந்து நல்லூர் வரை மிதித்து வந்தவர், கனிசியஸின் திருத்துகடை மேசையில் பெட்டியை இறக்கினார். மகன் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய டிஸ்க் பிளேயர்.

“டிஸ்க் வைக்கிற தட்டு உள்ளுக்கை இறுகிட்டுது. நாளைக்கு மத்தியானத்துக்கிடையிலை சரியாக்கித் தரவேணும்” என்றார், சால்வைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. பெரிய மனிதர்களுக்குக் கடைத்தெருப் புழுதி ஒத்துவருவதில்லை.

கனிசியஸ் சிரித்தார். “கரண்ட் நிண்டு மூண்டு வரியம். உதைத் திருத்தி என்ன செய்யப்போறியள் ஐயா?”

“தம்பி, ஒரு சமூகம் தன்ரை பண்பாட்டுச் சாதனங்களைப் பேணாட்டி அது சமூகமே இல்லை. உமக்கு உது விளங்காது.”

“விளங்காதுதான். எத்தினை டிஸ்க் வச்சிருக்கிறியள்?”

“ஒண்டு.”

“என்ன படம்?”

சோமசேகரத்தார் சால்வைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “மீன்.”

“மீனோ?”

“கடலுக்கை நீந்துற மீன். ஜேர்மன் பாசையிலை விளக்கம் சொல்லுவினம்.”

கனிசியஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “குறை நினையாதேங்கோ. திருத்திப் பிரயோசனமில்லை. உள்ளுக்கை பெல்ட் உக்கியிருக்கும். லேசர் கொழும்பிலையிருந்துதான் வரவேணும். டோர்ச் பற்றரியையே விடாத ஆமிக்காரன் லேசரை விடுவானோ? உது எப்ப பழுதானது?”

“வியாழக்கிழமை. பக்கத்து வீட்டிலை சாமத்தியச் சடங்கு. ஜெனரேற்றர் பிடிச்சவை, எங்களுக்கும் ஒரு வயர் இழுத்துத் தந்தவை. நான் சாப்பிட்டிட்டுச் சரிஞ்சு கிடந்தனான். கரண்ட் வந்த உடனை தலைமாட்டிலை கிடந்த உது தட்டை உள்ளுக்கை இழுத்துப்போட்டுது.”

“அப்ப மூண்டு வரியமா தட்டு வெளியிலையோ நீட்டிக்கொண்டு நிண்டது?”

“ஓம். கரண்ட் நிண்ட அண்டைக்கு நீட்டினது.”

அந்த நேரம் பார்த்துப் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டது. கனிசியஸ் கடைக்குப் பின்னாலிருந்த பங்கருக்குள் பாய்ந்தார். திரும்பிப் பார்த்தால், சோமசேகரத்தார் பெட்டியைக் குழந்தைப்பிள்ளை போல அணைத்தபடி படியில் தடுமாறிக்கொண்டிருந்தார்.

“உதைப் போட்டிட்டு இறங்குங்கோ ஐயா! உயிர் பெரிசோ, மீன் பெரிசோ?”

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. பங்கர் மண் உதிர்ந்தது. பெட்டிக்குள் ஏதோ கிலுங்கியது.

“கேட்டியளோ? லென்ஸும் கழண்டிட்டுது. இனி உது செத்த சாமான்.” கனிசியஸ் குலுக்கிப் பார்க்கக் கைநீட்டினார்.

“குலுக்காதையும்!” என்று அலறினார் சோமசேகரத்தார். பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. “தம்பி, நாளைக்குப் பின்னேரம் என்ரை பத்மாசினியைப் பாக்க அச்சுவேலியிலையிருந்து மாப்பிள்ளை பகுதி வருகினம். அவளுக்கு முப்பத்திநாலு. பெடியன் செவ்வாய்க்கிழமை பயண அனுமதிப் பாசோடை கொழும்புக்குப் போறான். அங்கையிருந்து கனடா. நாளைக்குச் சரிவராட்டி பிறகு ஆர் வரப்போகினம்?”

கனிசியஸுக்கு மனம் இளகியது. மேலே வந்ததும் திருப்புளியை எடுத்தார். ஆணிகளெல்லாம் கறள் பிடித்து இறுகிக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

“மூடியை வெட்டித்தான் திறக்கலாம். வெட்டினால் உது பிறகு ஒருநாளும் ஓடாது. யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“வெட்டும்.”

“ஐயா, வெட்டினால் ஓடாதெண்டு சொல்லுறன்.”

“ஓடத் தேவையில்லை. நீர் வெட்டும்!”

பண்பாட்டுச் சாதனத்துக்கு இவ்வளவு விரைவில் மரணதண்டனை விழும் என்று கனிசியஸ் எதிர்பார்க்கவில்லை. இரும்பரியும் வாளைக் கையில் எடுத்தவர், அதை மூடியில் வைக்காமல் நின்றார்.

“பேந்தென்னத்துக்கு நாளைக்குள்ளை வேணுமெண்டு நிண்டனீங்கள்? வாறவைக்கு மீன் காட்டத்தானே?”

“ஆருக்கு வேணும் மீன்? தாயில்லாத பிள்ளை. வாறவைக்கு முன்னாலை நான்தான் இருந்து கதைக்கவேணும்.”

“கதைக்கிறதுக்கு உந்தப் பெட்டி என்னத்துக்கு ஐயா?”

சோமசேகரத்தார் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“என்ரை பல்லுச்செட்டு உதுக்குள்ளை கிடக்குது.”