மகள் ஏறிய பெட்டி

மகள் ஏறிய பெட்டியின் முதல் சக்கரத்தைத் தட்டினேன். கிண்ணென்றது.

நல்ல சக்கரம் அப்படித்தான் சொல்லும். விரிசல் விட்டது, கீறல் பானையைத் தட்டினதுபோல் தொக்கென்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே வேறொன்றும் கிடையாது. வண்டி கிளம்புமுன் சக்கரம் சக்கரமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு.

வண்டியின் இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. எங்கள் பிளாட்பாரம் தரையோடு தரையாகத் தணிந்திருப்பதால் இரண்டு பக்கமும் சக்கரம் கைக்கு எட்டும். இருவரும் வால் பெட்டிவரை தட்டிக்கொண்டு போய்க் கையைத் தூக்கினால்தான் கார்டு விசில் ஊதுவார். மகள் ஏறியிருந்தது அந்த வால் பெட்டியில்தான்.

இங்கே எனக்குப் பாம்புக்காது என்று பெயர். சும்மா வைத்துவிடவில்லை. ஒருமுறை டீ குடித்துக்கொண்டே, எவனோ தட்டிவிட்டுப் போன சத்தத்தை வைத்து வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் தட்டிய சக்கரத்தை இன்னொருத்தர் தட்டிப் பார்த்ததில்லை. எங்கள் வேலையில் அது ஆளை முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

பெண்டாட்டிக்கு மட்டும் இந்தப் பெயரில் நம்பிக்கையில்லை. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். பாம்புக்கும் வேண்டியதுதான் காதில் விழும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜன்னலில் மகள். மடியில் கைக்குழந்தை.

பேரன் வாயை அகலத் திறந்துகொண்டிருந்தான். தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நானும் சிரித்தேன். கிட்டே போனபோதுதான் கன்னமெல்லாம் கண்ணீர் தெரிந்தது. சத்தமில்லாமல் அழ எங்கே கற்றுக்கொண்டானோ, அப்பன் வீட்டு வழக்கமாக இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன் என்றாள் மகள். அவள் எப்போதும் சொல்வது அதுதான்.

அடுத்த சக்கரம். சுத்தியலை ஓங்கினேன்.

கிண்.

கை இன்னும் இறங்கவே இல்லை.

பிறகுதான் சுத்தியல் இரும்பில் பட்டது. பிடி வழியாக எப்போதும் உள்ளங்கைக்கு ஏறும் துடிப்பு வரவில்லை. மண் மூட்டையில் அடித்ததுபோல் இருந்தது. காதில் மட்டும் அந்தக் கிண் இன்னும் நின்றது, சுத்தமாக.

மச்சினன் அந்தப் பக்கம் தட்டியது முந்திக்கொண்டு கேட்டிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். கை சொல்வதை நம்புவதா, காது சொல்வதை நம்புவதா? இத்தனை வருஷம் சோறு போட்டது காது.

பெட்டிகளுக்கு நடுவே குனிந்து மச்சினன் இந்தப் பக்கம் வந்தான். கொஞ்ச நாளாக அவன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் பேசுகிறான். அதுவும் வாயை நன்றாகத் திறந்து, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல.

"மாமா, அந்தச் சக்கரத்த நான் ஒரு தடவ தட்டிப் பாக்கட்டுமா?"

சுருக்கென்றது. மகள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பெண் போகிற வண்டியில் நான் அசட்டையாக இருப்பேனா? உன் பக்கத்தை மட்டும் பார் என்று அனுப்பினேன்.

உடனே போகவில்லை. என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காள் புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். வந்த வழியே குனிந்து போனான்.

மிச்சத்தையும் தட்டி முடித்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை. கொஞ்ச நாளாகவே எந்த வண்டியிலும் பழுது என்று ஒன்று அகப்படவில்லை. நல்ல காலம்தான்.

மச்சினன் வண்டியின் வாலைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றான். நான் கையைத் தூக்கினேன். அவன் கையும் மெதுவாக மேலே வந்தது.

விசில் கேட்டது. நீளமாக, வழக்கம்போல.

வால் பெட்டி வாசலில் நின்ற கார்டைப் பார்த்தேன். விசில் அவர் மார்பில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தொப்பியைச் சரிசெய்தார். வண்டியின் நீளத்துக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் விசிலை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் இரண்டும் உப்பின.

ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி அசைந்தது. மகள் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். அவளுக்குக் கீழே அந்தச் சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கை சொன்னதுதான் நிஜம்.

நிறுத்து என்று கத்தினேன். என் குரல் எனக்குக் கணீரென்று கேட்டது; தொண்டையில்தான் துடிப்பு இல்லை.

தோளோடு தோளாக நின்ற மச்சினன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.