தெரியாதவர்கள் இடது கை

நகர்மன்றக் கூட்டத்தில் பதினோராவது தீர்மானத்தை எழுத்தர் வாசிக்கத் தொடங்கியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நகராட்சித் தொடக்கப் பள்ளி. ஆய்வு அறிக்கை.

அவள் முன்னாலும் ஒரு பிரதி கிடந்தது. மற்ற கவுன்சிலர்கள் பக்கம் புரட்டியபோது அவளும் புரட்டினாள்.

அவளுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்குமேல் வராது.

ஒன்பதாம் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும் புருஷன் அவளை நிற்கவைத்தான். ஜெயித்தாள். வருகிற மனுவை அவன் படிப்பான், பதிலையும் அவனே சொல்வான். கூட்டத்தில் உட்கார்வது மட்டும் அவள் வேலை. இந்த ஊரில் அதொன்றும் அதிசயமில்லை.

இன்றைக்கும் வாசலில் இறக்கிவிடும்போது, பதினோராவது தீர்மானத்துக்குப் பேசாமல் கையைத் தூக்கு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

எழுத்தர் வாசித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒவ்வொரு வகுப்பிலும் கேள்வி கேட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்களாம். டீச்சர் எழுப்பிவிட்ட பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசித்தார்களாம்.

ஆகவே கற்றல் நிலை மிக நன்று. ஆகவே, கூடுதல் ஆசிரியர் வேண்டுமென்று பெற்றோர் கொடுத்திருந்த மனுவைத் தள்ளுபடி செய்யலாம்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். முழுப் பூசணிக்காய் ஒரே ஒரு தாளில் மறைந்துபோயிருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கியது உண்மைதான்.

எந்தக் கை என்று அதிகாரி எழுதவில்லை.

அவளுக்குத் தெரியும். அவள் படித்ததும் அதே பள்ளிதான். ஆய்வுக்கு முந்தின நாள் டீச்சர் சொல்லிக்கொடுத்துவிடுவார். கேள்வி கேட்டால் ஒருத்தர் பாக்கியில்லாமல் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. வலது கையாகப் பார்த்து டீச்சர் எழுப்பிவிடுவார்.

டீச்சரைக் குற்றம் சொல்லியும் புண்ணியமில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்கிற பயம் அவருக்கு.

ஐந்து வருஷமும் அவள் இடது கை.

இடது கைக்காரர்களை யாரும் எழுப்பவில்லை. அதற்குப் பிறகும் எழுப்பவில்லை.

இப்போது அவள் மகள் செவ்வந்தி அங்கே ஐந்தாவது. கவுன்சிலர் பிள்ளையே நம் பள்ளியில்தான் படிக்கிறது என்று நகர்மன்றத் தலைவர் மேடைக்கு மேடை சொல்வார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. போன வாரம்வரை.

போன வாரம் ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். தனக்குக் கண் எரிகிறது என்று சொல்லி மகளைப் படிக்கச் சொன்னாள்.

செவ்வந்தி தாளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஆய்வன்றைக்குத் தான் தூக்கியது இடது கை என்று மெல்லச் சொன்னாள். இடது கை என்றால் என்ன என்றும் அம்மாவுக்கு விளக்கினாள். சொல்லி முடித்துவிட்டு, அடி விழுமென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவள் அடிக்கவில்லை. நடுத்தெருவென்றும் பாராமல் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் எழுந்து கேட்கிறேன், இன்னொரு டீச்சர் வாங்கித் தருகிறேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

நல்ல அறிக்கை வந்ததற்காக இன்று பிள்ளைகளைக் கூட்டத்துக்கே அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாராட்டுச் சான்றிதழ். சுவரோர பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள் செவ்வந்தி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கண்ணெல்லாம் அம்மா மேல்.

அவள் எழுந்தாள்.

மன்றம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இரண்டு வருஷத்தில் அவள் எழுந்தது இதுதான் முதல் முறை.

தலைவர் நல்லவர். மரியாதையாகத்தான் கேட்டார். அறிக்கையில் எந்தப் பத்தியில் ஆட்சேபம், கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்றார்.

அவள் தாளில் விரல் வைத்தாள். எந்த இடத்தில் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தாளில்லாமலே சொல்லியிருக்கலாம். என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் போதும். உனக்குத் தெரியுமா என்று ஒருத்தர் திருப்பிக் கேட்டுவிட்டால்? பிள்ளை முன்னால்?

ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த கணமே அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் தலைவர்.

கைகள் எழுந்தன. தூக்கக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். முப்பது கைகளுக்கு நடுவில் அவளுடையதும் எப்போது எழுந்தது என்று தெரியவில்லை.

ஏகமனதாக நிறைவேறியது. எழுத்தர் குறித்துக்கொண்டார். எந்தக் கை என்று அவரும் எழுதவில்லை.

எல்லாரும் தட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள்.

செவ்வந்தி தட்டவில்லை. அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் தூக்கியபடியே இருந்த கையை அவள் அவசரமாக இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது செவ்வந்தி முந்தானைக்குள் கைவிட்டு அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லை பிள்ளைக்கு. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒனக்கும் தெரியாதாம்மா?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் மகளும் உட்கார்ந்தாள். சான்றிதழை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தார்கள்.

பெரிய பெரிய எழுத்தாக, நன்றாகத்தான் அச்சடித்திருந்தார்கள்.