லைன் கிளியர்

"புனிதா, கீழ போயி லைன் கிளியர் பண்ணச் சொல்லுங்க."

மேட்டில் நின்ற பொறியாளர் முகுந்தனின் குரல் வாக்கி டாக்கியில் கரகரத்தது.

புனிதா இந்த டிரோன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இத்தனை பேர் மனுப் போட்டும் தன்னை ஏன் எடுத்தார்கள் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் என்பதைத் தவிர அவளிடம் சிறப்பாக ஒன்றுமில்லை.

நிறுவனத்து மாலை வகுப்புப் பாடத்தை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே இறங்கினாள். மேட்டிலிருந்து லேசர் கிளம்பும். டிரோனின் வயிற்றிலுள்ள தகடு அதை வாங்கி மின்சாரமாக்கும். பேட்டரியே கிடையாது. நடுவில் துணியோ புகையோ குறுக்கிட்டால் டிரோன் பொத்தென்று விழும்.

ஆக, ஒளி போகும் பாதைதான் லைன். தமிழில் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பயந்து, வந்த சொல்லையே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மாமா, லைன் கிளியர் பண்ணணுமாம்."

வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பத்துமலை எழுந்தார்.

ரப்பர் மரங்கள் போய், மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரிசை வீடுகள். தோட்டத்து ஆட்களுக்கு லைன் என்றால் அதுதான்.

ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். கேஸ் சிலிண்டர் வெளியே வந்தது. பின்னாலேயே அலமாரி, மெத்தை, முருகன் படம். பக்கத்து வீட்டு இருளாயி கொதிக்கிற குழம்புச் சட்டியோடு இறங்கி வந்தாள்.

டிரோன் பறப்பதைப் பார்க்க ஈப்போ நகரிலிருந்து வந்த விருந்தினர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்தபடியே படம் பிடித்தார்கள்.

புனிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ மாமா! லைன்னா வீடு இல்லலா. வெளிச்சம் போற பாதை. கொடியில காயிற துணிய எடுத்தா போதும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இடுப்பே போச்சு!" பத்துமலையும் சிரித்தார். "சரி, அந்த வெளிச்சத்த கொஞ்சம் என் கூரைப் பக்கம் திருப்பச் சொல்லு. கரண்ட வெட்டி ஒரு வருசமாச்சு. ஃபேனாச்சும் சுத்தட்டும்."

கொடித் துணிகளோடு எல்லாம் திரும்ப உள்ளே போயின. முருகனும் பழைய ஆணிக்கே போய்ச் சேர்ந்தார்.

டிரோன் எழும்பியது. விருந்தினர்கள் கோரேங் பீசாங் என்ற வாழைப்பழ வறுவலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். கம்பியே இல்லாத எதிர்காலம் என்றது ஒலிபெருக்கி. இங்கேயே நிரந்தரத் தளம் எழும் என்றது. மீதியை, அந்த ஒலிபெருக்கிக்கே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டர் விழுங்கிவிட்டது.

புனிதா மூச்சு வாங்க மேட்டுக்கு ஏறினாள். வேலை நிரந்தரமாகிவிடும் என்று முதன்முறையாக நம்பிக்கை வந்தது.

"சார், செம கூத்து! லைன்னா வீடுன்னு நினைச்சு சாமானெல்லாம் வெளிய தூக்கிட்டாங்க. நான்தான் விளக்கிச் சொல்லி உள்ள வைக்க வச்சேன்."

முகுந்தன் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"அவங்க சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டாங்க," என்றார். "திரும்ப உள்ள வைக்க உங்கள யாரு சொல்லச் சொன்னது?"