சேவல் வைத்த மூன்று எலுமிச்சம்பழம்

ஒரு சேவல் சொந்தமாகக் குட்டி விமானம் வாங்கியது.

"முதல்ல நாற்பது மணி நேரம் பயிற்சி" என்றது கொக்கு வாத்தியார்.

"எதுக்குங்க? விமானத்துக்கே பாராசூட் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா தலைக்கு மேல இருக்கிற சிவப்புப் பிடியை இழுத்தாப் போதும்."

"எப்போ இழுக்கணும்னு தெரிய வேண்டாமா?"

"பயம் வந்தா இழுக்க வேண்டியதுதான். அதுக்கு ஒரு வாத்தியாரா?"

நல்ல நேரம் பார்த்து, மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சேவல் ஏறி உட்கார்ந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டபடியே விமானத்தைக் கிளப்பியது. பழங்கள் நசுங்கி, விமானம் லேசாகக் குலுங்கியது.

"ஐயோ, போச்சு!" சேவல் பிடியை இழுத்துவிட்டது.

பாராசூட் சீறிக்கொண்டு மேலே போய், விரிந்து, விமானத்தின் மேலேயே விழுந்து மூடியது. கண்ணாடிக்கு வெளியே எங்கு பார்த்தாலும் வெள்ளை.

"வாத்தியாரே! மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன்! எப்படி இறங்கறது?"

கொக்கு துணியை விலக்கிக் கதவைத் திறந்தது. "காலைக் கீழே வையப்பா."

சேவல் இறங்கியது. தரையை இரண்டு முறை மிதித்துப் பார்த்தது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டது.

"பாத்தீங்களா? முதல் தடவையே அலுங்காம இறக்கிட்டேன். இதுக்குப் போய் நாற்பது மணி நேரமாம்!"